பூங்காவுக்கு ஓர் ஆடிட்

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சித்ராதேவிக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். அவள் துணி வெட்டியதுமில்லை, தைத்ததுமில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும் நாளில், கம்பெனி எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருக்கவைப்பதுதான் அவள் வேலை. அன்று மட்டும் வழியை அடைக்கும் பண்டல்கள் காணாமல் போகும். கக்கூஸில் சோப்பு இருக்கும். எந்த டெய்லரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். ஓர் ஆடிட்டிலும் கம்பெனி தோற்றதில்லை.

அவள் குடியிருக்கும் காலனியில் பூங்காவுக்கென ஒதுக்கிய அறுபது சென்ட் இடம் உண்டு. பூங்கா என்பது காகிதத்தில்தான். நேரில் போனால் நான்கு வேப்பமரம், கோரைப்புல், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், உசிலம்பட்டியிலிருந்து வந்து குடியேறிய ஒச்சாயியின் ஏழு ஆடுகள். ஆனால் பக்கவாதத்தில் பிழைத்தெழுந்த அவள் கணவர் கதிர்வேலுக்கு அதை விட்டால் போக்கிடம் இல்லை. கம்பெனி வேன்கள் பறக்கிற வீதியில் கோல் ஊன்றி நடக்க முடியுமா? இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் வேலியோரமாகவே சுற்றுவார். அவர் நடந்து நடந்து அங்கே ஒரு தடமே விழுந்திருந்தது. நடையை விட்டால் கால் மறுபடி இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த இடத்தில் அடுக்குமாடி வீடு கட்ட ஒருவர் மனுப் போட்டார். யாருமே பயன்படுத்தாத இடம் என்பது அவர் வாதம். காலனியே கொதித்தது. கொதித்தவர்களில் பாதிப் பேர் அங்கே கால் வைத்து வருடக்கணக்காகிறது என்பது வேறு விஷயம். எதிர்மனு போனது. வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் எல்லோரும் சித்ராதேவியின் முகத்தைப் பார்த்தார்கள்.

மூன்று நாள் லீவு போட்டாள். கோரையைச் செதுக்கினாள். தடத்தைக் கொத்தி நிரவினாள். எல்லாவற்றின் மேலும் நர்சரிப் புல்தரையை வாங்கி விரித்தாள். கிரிக்கெட் பையன்களுக்குத் தடை போட்டாள். பிறகு ஒச்சாயியிடம் போனாள்.

"அக்கா, வியாழக்கிழமை மட்டும் ஆட்டை ஊட்டுலயே கட்டிப்போடுங்க."

"அதுக மேயுறதாலதானம்மா முள்ளு மண்டாமக் கெடக்கு. அதை அந்த சார்கிட்டச் சொல்லுங்க" என்றாள் உசிலம்பட்டிக்காரி.

சித்ராதேவி சிரித்துக்கொண்டாள். ஆடிட்டரிடம் ஆட்டைக் காட்டிய கம்பெனி உலகத்தில் உண்டா?

புதன்கிழமை கணவரிடமும் சொன்னாள். "ஏனுங்க, நாளைக்கு ஒரு நாள் ஊட்டுலயே இருங்க. கைலியும் கோலுமா நீங்க குறுக்க நடந்தா நல்லாருக்காது."

"அப்ப நடக்கறது யாரு?"

"அதுக்கெல்லாம் ஆள் சொல்லியாச்சுங்க."

மறுநாள் புது ஷூவோடு பத்துப் பேர் நடந்தார்கள். அதிகாரி மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசினார். மூன்று பேரை நிறுத்தி, தினமும் வருவீர்களா என்று கேட்டார். மூவரும் ஒப்பித்தார்கள்: "தினமும் காலையில ஆறு மணிக்கு வருவோமுங்க. இது எங்களுக்கு நுரையீரலுங்க."

அவர் குனிந்து புல்தரையின் ஓரத்தைத் தூக்கினார். பாய் மாதிரி எழுந்து வந்தது.

"இத்தனை பேர் நடக்கற எடத்துல ஒரு தடங்கூட இல்லீங்களே அம்மணி. ஒரு ஆட்டுப் புழுக்கை கூடக் காணோம். ஆளே வராத எடந்தானுங்க இத்தனை சுத்தமா இருக்கும்."

எந்த ஆடிட்டிலும் வராத பயம் சித்ராதேவிக்கு அப்போது வந்தது. வீட்டுக்கு ஓடினாள். கைலியோடு உட்கார்ந்திருந்தவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து வேலியோரம் விட்டாள். கதிர்வேல் கோலை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். புதுப் புல்லில் கோல் இரண்டு முறை வழுக்கியது.

"இவருதானுங்க. ரெண்டு வருசமா தினமும் நடக்கறாருங்க. தடம் இருந்துச்சுங்க, நாந்தான் கொத்தி மூடிட்டேன்."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எத்தனையோ ஏற்பாடு பார்த்திருக்கறேனுங்க. அதுக்காக முடியாத மனுசனையுமா அம்மணி கூட்டிட்டு வந்து நடக்கவெப்பீங்க?"

ஜீப் கிளம்பிப் போனது. கதிர்வேல் அப்போதுதான் பாதிச் சுற்று முடித்திருந்தார்.