மூன்று நாள் வராவிட்டால்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரக் கிராமம் ஒன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் ஆறு மாதம் தையல் படிப்பித்தேன். முள்ளியவளையிலிருந்து காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்புவேன். ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம் அது. கணவனை இழந்தவர்கள், கணவன் இருந்தும் அவரால் உழைக்க முடியாத வீட்டுக்காரிகள் என்று பார்த்துப் பதினெட்டுப் பெண்களைத் தெரிவு செய்திருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு தையல் மெசின் கொடுப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் நிபந்தனைகளை நான்தான் வாசித்தேன். எந்தக் காரணமாக இருந்தாலும் சரி, மூன்று நாள் வராவிட்டால் மெசின் கிடையாது. அந்த நிபந்தனையைக் காகிதத்தில் எழுதியது நிறுவனம். எழுதச் சொன்னது நான். அதற்கு முன் வேறொரு கிராமத்தில் நடந்த பயிற்சியில் பாதிப் பேர் இடையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் மெசின் போனது. சில மாதம் கழித்துப் பார்த்தால், மெசின்களின் மேல் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. வாசித்து முடித்து எல்லாரையும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்ததும் நினைவிருக்கிறது.

அவள் கடைசியாக வந்தாள். சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு, வாசலுக்குக் கிட்ட இருந்த மெசினில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏன் தையல் பழக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வந்தேன். அவளுடைய முறை வந்தபோது, "வீட்டில இருந்தபடி செய்யக்கூடிய தொழில் ஒண்டு வேணும் ரீச்சர். அவர் படுக்கையில. நான் தோட்ட வேலைக்குப் போனா அவரைப் பாக்க ஆளில்லை" என்றாள்.

"இப்ப இஞ்ச வந்திருக்கிறீர். ஆர் பாக்கிறது?"

"பக்கத்து வளவு அக்கா வந்து பிரட்டி விடுவா. கதைச்சிட்டுத்தான் வந்தனான். ரெண்டு மணிக்குப் பிறகு மகள் பள்ளிக்கூடத்தால வந்திடுவாள்."

அவளுடைய கணவர் முன்னர் உழவு மெசின் ஓட்டியவர். கடைசிச் சண்டையில் செல் குண்டின் துண்டு ஒன்று முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. மகள் அப்போது கைக்குழந்தை. இப்படிப்பட்டவர்கள் ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்பில் புண் வரும். புண் வந்தாலும் அவர்களுக்கு நோகாது. அதனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் யாராவது பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். வன்னியில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒருவர் கிடக்கிறார். எனக்கு அது புதிய கதை இல்லை. கேட்டுக்கொண்டு, இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவுக் கோடு போட்டுவிட்டு அடுத்தவளிடம் போனேன்.

அவளுக்குத் தையல் கெதியாகப் பிடிபட்டது. நூல் கோக்காமல் காகிதத்தில் நேர்கோடு ஓட்டிப் பழகுவதற்கு மற்றவர்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. அவள் இரண்டாம் நாளே முடித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்கு மடிப்பு வைப்பதுதான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சிரமம். அவள் மகளுடைய பழைய சட்டையைப் பிரித்துப் பார்த்துத் தானாகவே விளங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் மாதம் ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேட் தைக்கத் தொடங்கினோம். பொத்தான் ஓட்டைகளை வீட்டில் கையால் தைத்து வரச் சொன்னேன். அடுத்த நாள் அவள் கொண்டு வந்த சேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் ஒரே அளவு. நூல் ஒன்றோடு ஒன்று நெருங்கி, ஒரு இடத்திலும் பிசகாமல் சுற்றி வந்திருந்தது.

"இது உம்மட கை வேலை இல்லையே" என்றேன்.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அவர் தைச்சது ரீச்சர். கை சும்மாதானே கிடக்குது, இஞ்ச தா எண்டு வாங்கினவர். நான் ஒருக்காத்தான் காட்டிக் குடுத்தனான்."

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் அவளோடு போய் அவரைப் பார்த்தேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. றோட்டுத் தெரிகிற மாதிரி யன்னலோரம் கட்டில். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணையும் மடித்த சாக்கும் வைத்துச் சாய்ந்திருந்தார். மடியில் துணி, சட்டைக் கொலரில் குத்திய ஊசி.

"ரீச்சர், கடைசியில சோதினை எனக்கும் இருக்கோ?" என்று கேட்டார்.

"உங்களுக்குச் சோதினை தேவையில்லை. நேரா சான்றிதழ்தான்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் குசினியிலிருந்து தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்டு அதிசயப்பட்டவள்போல.

படுத்துக் கிடக்க வேண்டிய மனிதர் எழும்பி இருந்து வேலை செய்கிறாரே என்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. எவ்வளவு நேரம் இப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சான்றிதழ் நாளில் கண்காட்சிக்கு வைப்பதற்காக மற்றப் பெண்கள் தைத்த சேட்டுகளையும் அவரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினேன். கிழமைக்கு ஒருதரம் அவள் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவாள், முடித்துக் கொண்டு வருவாள்.

அதற்குள் அவள் இரண்டு நாள் வராமல் விட்டிருந்தாள். இரண்டும் அவருக்குக் காய்ச்சல் என்று. நாலாம் மாதம் முடிகிற அளவில் ஒருநாள், எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், நாளைக்கு ஒரு நாள் லீவு தருவீங்களோ? அவருக்குப் பின்பக்கத்தில சின்னப் புண் ஒண்டு. கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டோணும்."

"ரெண்டு நாள் ஏற்கெனவே போயிட்டுது. நாளைக்கும் வராட்டி என்னால ஒண்டும் செய்யேலாது. சனிக்கிழமை கொண்டு போகேலாதோ?"

"சனிக்கிழமை கிளினிக் இல்லை."

"அப்ப யோசிச்சுப் பாரும். மெசினும் வேணுமெல்லோ."

நான் அதட்டிச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் மண்டபத்து வாசலில் நின்றாள். அவரே போகச் சொல்லிவிட்டார் என்றாள். "சின்னப் புண்தானே, நீ மருந்து கட்டினாக் காயும் எண்டு சொன்னவர்." எனக்குச் சந்தோசமாக இருந்தது. அன்று வகுப்பில் மற்றவர்களிடம், இவவைப் பாருங்கள், இவ்வளவு கஷ்டத்துக்குள்ளும் வந்து நிற்கிறா என்று சொல்லிக் காட்டினேன். அவள் தலை நிமிராமல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் வராமல் நிற்கவில்லை.

பயிற்சி முடிய மூன்று கிழமை இருக்கும்போது, ஒருநாள் காலையில் மழை பிடித்தது. பத்து மணி இருக்கும். ஒரு பெண் நனைந்தபடி மண்டபத்துக்குள் ஓடி வந்தார். கையிலும் காலிலும் தோட்டத்துச் சேறு. அவர்தான் அந்தப் பக்கத்து வளவு அக்கா.

"பிள்ளை, கெதியா வா. அவர் நடுங்குறார். கூப்பிட்டாக் கண் முழிக்கிறார் இல்லை."

அவள் எழும்பினாள். "விடிய நல்லாத்தானே இருந்தவர். நீங்கள் பிரட்டேக்க எப்பிடி இருந்தவர் அக்கா?"

அந்தப் பெண் ஈரச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

"நான் ரெண்டு மாசமாப் பகலில போறேல்லைப் பிள்ளை. எனக்குக் கடலைத் தோட்டத்தில வேலை கிடைச்சுது. அவரிட்டைச் சொன்னனான். அவர்தான், அவளிட்டைச் சொல்லாதேங்கோ அக்கா, சொன்னாப் படிப்பை விட்டிட்டு வந்து இருந்திடுவாள், நான் சமாளிப்பன் எண்டு சத்தியம் வாங்கினவர். இண்டைக்கு மழைக்கு வேலை நிண்டு வரேக்கதான் அவற்ர அனுங்கல் சத்தம் கேட்டது."

மெசின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அவள் அந்தப் பெண்ணையும் ஏசவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மழைக்குள் இறங்கிச் சைக்கிளை எடுத்தாள். ஏற மறந்தவள்போல அதைத் தள்ளிக்கொண்டே கொஞ்சத் தூரம் ஓடினாள். பிறகுதான் ஏறி மிதித்தாள்.

மாவட்ட ஆசுபத்திரியிலிருந்து அவரை வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நான் போனேன். மாங்குளத்தில் பஸ் மாறி, கனகராயன்குளம் தாண்டிப் போகும்போது, அவரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நோயாளர் விடுதி வாசலில் அவள் நின்றாள். டொக்டர் சொன்னதை எனக்குச் சொன்னாள். புண்ணுக்கு வெளியே கொட்டைப்பாக்களவு வாய்தான். உள்ளே எலும்பு வரை போய்விட்டது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. நாள் முழுக்கச் சாய்ந்து இருந்ததில் பாரமெல்லாம் அந்த ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது.

"ஒவ்வொரு நாளும் நான்தான் மருந்து கட்டினனான் ரீச்சர். மேலால பாக்கக் காயிற மாதிரித்தான் இருந்தது" என்றாள்.

உள்ளே, கட்டிலில் அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, தலையைக் கொஞ்சம் தூக்கப் பார்த்தார்.

"ரீச்சர், இவளின்ர நாள் குறைஞ்சு போச்செண்டு மெசினை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

"இல்லை. அது அவவின்ர மெசின். அதில ஒரு மாற்றமும் இல்லை."

"நாலு சேட் இன்னும் வீட்டை கிடக்குது. முடிக்கேல்லை."

"அது கிடக்கட்டும்" என்று அவருடைய கையைப் பிடித்தேன். ஊசி பிடித்துக் காய்த்துப் போன விரல். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும், எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியிராது. அவருடைய எண்ணத்தில் நான் நல்லது செய்தவள்.

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார்.

பயிற்சியின் கடைசி மூன்று கிழமையும் அவள் வரவில்லை. நான் இடாப்பை எடுத்து, அவளுடைய பெயருக்கு நேரே எல்லா நாளுக்கும் வரவுக் கோடு போட்டேன். திட்ட அலுவலர் இளம் பையன், நல்ல மனசுக்காரன். தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தவன் ஒரு இடத்தில் நின்றான்.

"இவ இந்த நாள்களில ஆசுபத்திரியில எல்லோ நிண்டவ ரீச்சர்?"

"வந்தவ" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினான். அவ்வளவு சுலபமாக முடிந்தது. அந்தப் பொய்யை, அவள் வந்து கேட்ட அன்றைக்கு, ஒரே ஒரு நாளுக்காகச் சொல்லியிருக்கலாம்.

சான்றிதழ் நாளில் மண்டபம் நிறைய விருந்தினர். கண்காட்சி மேசையில் சேட்டுகளை அடுக்கியிருந்தோம். பிரதம விருந்தினராக வந்த அம்மா ஒன்றை எடுத்து விரித்து, பொத்தான் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு நுணுக்கமா ஆர் தைச்சது?" என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி, "எங்களோட படிச்ச ஒராள்" என்றாள். அந்த அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் அவள் வீட்டுக்குப் போனேன். கழுவிய கட்டில் முற்றத்து வெயிலில் நின்றது. அவளும் மகளும் ஒரு பக்கம், நானும் ஓட்டோக்காரரும் மறுபக்கம் பிடித்து மெசினை உள்ளே கொண்டுபோனோம். வெளிச்சம் உள்ள இடம் யன்னலோரம் மட்டும்தான். அங்கேதான் வைத்தோம்.

மகள் தண்ணி அள்ளப் போனதும் அவள் என் முன்னால் கதிரையில் இருந்தாள்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கோணும் ரீச்சர். அவர் கனநேரம் நிமிந்து இருக்கக்கூடாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. நான் கேக்கவும் இல்லை."

"எனக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சுகொண்டும் நான் மறிக்கேல்லை. அந்த மாசங்களில அவர் கலியாணம் முடிச்ச புதுசில கதைச்ச மாதிரிக் கதைச்சவர். நான் பின்னேரம் வரேக்க முடிச்ச சேட்டுகளை அடுக்கி வைச்சுக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருப்பார். இண்டைக்கு மூண்டு, இண்டைக்கு நாலு எண்டு சொல்லுவார். அதை எப்பிடி ரீச்சர் வேண்டாம் எண்டு பறிக்கிறது?"

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கு நான் லீவு தந்திருக்கோணும்" என்றேன்.

இல்லை ரீச்சர், அது விதி என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கக்கூடாது. அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நான் குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"மற்றாக்களுக்காவது லீவு குடுங்கோ" என்றாள்.

அடுத்த பயிற்சிக்கு அதே காகிதம் வந்தது. அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லி நிறுவனத்தோடு கதைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. இப்போது நான் அதை வாசிப்பதில்லை. முதல் கிழமை ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், யார் யார் இருக்கிறார்கள், பகலில் அவர்களைப் பார்ப்பது யார் என்று கேட்டுவிட்டு வருகிறேன். சிலர் இடையில் நிற்கிறார்கள். சில மெசினுக்கு மேலே இன்றைக்கும் மூட்டை ஏறியிருக்கும். ஏறட்டும்.

அவள் தைக்கிறாள். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குமுன் பிள்ளைகளின் சட்டைகள் நிறைய வரும். மற்ற நாள்களில், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து முல்லைத்தீவில் கடை போட்டிருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பெண்கள் வீட்டில் போடும் சோட்டிக் கவுன் தைக்கத் துணி கொடுக்கிறார். மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று சொன்னார்கள். அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

போன மாதம் ஒட்டுசுட்டான் பஸ் தரிப்பில் அவளைக் கண்டேன். முடித்த துணிகளைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள். தலையில் நரை விழுந்திருந்தது. "சுகமோ ரீச்சர்?" என்று கேட்டாள். "ஓம், நீர்?" என்றேன். பஸ் வந்தது. எனக்கு முன் ஏறியவள், இருக்கையில் மூட்டையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். நான் கிட்டப் போனதும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முள்ளியவளை வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். போன கிழமை யானை வந்து வேலியை முறித்ததைப் பற்றித்தான் கதைத்தோம்.