ஷோகேஸில் ஒரு ஜோடி ஷூ

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்த்து முகம் சுளிப்பது ஷோகேஸைத்தான். கோப்பையும் பொம்மையும் வைக்கிற இடத்தில் பழைய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி இருக்கிறது. எங்கள் அண்ணன் ஜெயித்த கோப்பை அதுதான் என்பேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

எழுமலைப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கலுக்கு நெடுந்தூர ஓட்டப் போட்டி நடக்கும். பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, கண்மாயைச் சுற்றி, பெரிய தெரு வழியாக மந்தைத் திடலில் வந்து முடியும். எங்கள் காலனியிலிருந்து அதுவரை யாரும் ஓடியதில்லை. பெரிய தெருவுக்குள் நுழைந்தால் நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா அப்படித்தான் நடந்து பழகியவள். மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அண்ணன் துணிந்து பெயர் கொடுத்துவிட்டான்.

“தெருமுக்குல ஷூவைக் கழத்திட்டு ஓடுய்யா. அம்புட்டுத்தேன் கேக்குறேன்” என்று அம்மா கெஞ்சினாள்.

“நின்னு கழத்துனா தோத்துருவேன்மா” என்றான் அண்ணன்.

தெருமுக்கில் அம்மாவோடு தங்கச்சி நானும் நின்றிருந்தேன். அண்ணன்தான் முதலில் வந்தான். விழாக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் கையை விரித்து மறித்தார்கள். “ஏய், ஷூவைக் கழத்துடா!” அண்ணன் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடினான். கைதட்டல் அப்படியே நின்றுபோனது. மந்தையை முதலில் தொட்டது அவன்தான். மைக்கில் சொன்னதோ அடுத்து வந்தவன் பெயர். அண்ணன் அதே தெரு வழியாக, அதே ஷூவோடு, மெதுவாக நடந்து திரும்பினான். ஓடியதைவிட அந்த நடைதான் பெரிய காரியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று அம்மா அந்த ஷூவைத் துடைத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

அடுத்த பொங்கலிலிருந்து எங்கள் காலனிப் பிள்ளைகள் ஷூவோடு ஓட ஆரம்பித்தார்கள். இந்தப் பொங்கலுக்குக் கமிட்டியின் இளவட்டங்கள், மதுரைக்குக் குடிவந்துவிட்ட எங்கள் வீட்டைத் தேடி வந்து, “கோப்பையை நீங்கதேன் குடுக்கணும்ணே” என்று அழைத்தார்கள். அண்ணன் அம்மாவையும் கூட்டிப் போனான். தெருமுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே அம்மா குனிந்து செருப்பில் கை வைத்தாள்.

“எதுக்கும்மா?”

“பழக்கம்யா” என்று நிமிர்ந்தவள் தெருவை நெடுகப் பார்த்தாள். பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலோடு உள்ளே நடந்தாள். பாதித் தெருவில் அவன் கையை விட்டுவிட்டாள். பின்னால் போன எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

வீடு திரும்பியதும் அம்மா செருப்பை வாசலில் விடவில்லை. தூசி தட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஷோகேஸ் முன்னால் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“ஏத்தா, அந்த ஷூவைக் கொஞ்சம் ஒதுக்கி வையி. எனக்கும் எடம் வேணும்ல.”