சரஸ்வதி அக்கா ஃபார்ம் ஓரத்தில் எழுதியவை

சரஸ்வதி அக்கா இன்று காலை காரமடையில் தவறிவிட்டார். இப்போதுதான் போன் வந்தது...

ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவில் எனக்குப் பக்கத்து சீட். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்களுக்கு போன் போட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு ஃபார்மில் எழுதுவது அவர் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அடுத்து வருகிறவர்களுக்கு மருந்து எவ்வளவு என்று முடிவு செய்ய டாக்டர்கள் அந்த டேட்டாவைத்தான் பார்ப்பார்கள்.

நம்ம ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஒரே பதில். "நல்லா இருக்கறனுங்க." மூன்று நாளாகக் கஞ்சி இறங்காதவரும் அதையேதான் சொல்வார். கேட்டவரை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று...

நானாக இருந்தால் அதோடு போனை வைத்திருப்பேன். அக்கா விடமாட்டார்.

"செரிங்க... சட்டைப் பட்டன் நீங்களே போட்டுக்கறீங்களா, ஊட்டுக்காரம்மா போட்டுவுடறாங்களா?"

அப்புறம்தான் உண்மை வரும். விரல் மரத்துப்போனது, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தது எல்லாம்.

ஃபார்மில் வாந்திக்குக் கட்டம் உண்டு, காய்ச்சலுக்கு உண்டு. இதற்கு இல்லை. அக்கா ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதி வைப்பார்.

"இதுக்கொரு கட்டம் போடச் சொல்லு கண்ணு. இல்லாட்டி யாருக்குந் தெரியாமயே போயிரும்."

"அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாங்க்கா" என்பேன். வருஷா வருஷம் அதையே சொன்னேன். ஒரு மெயில் போடச் சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அவர் ரிட்டையர் ஆனபின் ஆபீஸை இடம் மாற்றினோம். ஏற்றி முடித்த ஃபார்ம்கள்தானே என்று எல்லாவற்றையும் கிழித்துப்போடக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். விஷயம் கேட்டு அக்கா, "செரி, உடு கண்ணு" என்றார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

போன வாரம் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சந்தோஷமாகக் கேட்டார். "இந்த மருந்துக்கு மத்த ஊர்ல எல்லாம் கை மரத்துப்போகுதுங்கறாங்க. நம்ம டேட்டால ஒருத்தருக்குக்கூட இல்லியே... டோஸ் குறைக்கவே வேண்டியதில்ல போல?"

"பாத்துச் சொல்றேன் டாக்டர்" என்று அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறதையாவது கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தேன். இன்று வெள்ளி.

போயிட்டு வாங்க்கா... அந்த டாக்டரிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன், நம்ம ஆளுகளுக்கும் மரத்துப்போகும் என்று. எழுதிவைத்த தாள் எங்கே என்று கேட்பார். அதையும் சொல்கிறேன்.