யூஜினியா டீச்சர் குனிந்த நாள்

காரைக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய யூஜினியா டீச்சருக்கு இருபத்தெட்டு வருடமாக ஒரே சட்டம்தான்: விசையைப் பார்த்து அடிப்பவர் டைப்பிஸ்ட்டே அல்ல. குனிந்து பார்த்தவர்களின் விரல்களை அவருடைய ஸ்கேல் நன்றாக அறியும்.

1999இல் கம்ப்யூட்டர் வாங்கினார். வைரஸ் தொல்லை வேண்டாமென்று, அதை விற்ற மானகிரி குழந்தைவேலு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பழைய கடிதங்கள் இருந்த டிஸ்க் பகுதியைத் திறக்க, 1 என்ற எண்ணில் முடியும் ஒரு கட்டளையை அடிக்க வேண்டும். டீச்சர் அடித்தால், அப்படியொரு பகுதியே இல்லை என்றது கம்ப்யூட்டர். குழந்தைவேலு வந்து அடித்தால் சமர்த்தாகத் திறந்தது.

"ஆளைப் பாத்து வேலை செய்யுற பெட்டியையா என் தலையில கட்டுனீக?" என்று டீச்சர் சீறினார்.

குழந்தைவேலு கேபிளை மாற்றினார். லினக்ஸை மறுபடி போட்டார். மூன்றாம் முறை வந்தபோது, "டீச்சர், ஒரே ஒரு தடவை கையைப் பாத்து அடிங்க" என்று கெஞ்சினார்.

டீச்சர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். கடைசியில் வரும் 1க்கு வலது மோதிர விரல் தானாக 'எல்' விசையில் போய் இறங்கியது. அவர் பழகிய டைப்ரைட்டர்களில் 1 என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்'லைத்தான் 1 ஆக அடிப்பார்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

மேல் வரிசை 1ஐத் தட்டினார். திறந்தது.

குழந்தைவேலு சிரிப்பை அடக்கப் பார்த்தார். டீச்சர் எழுந்துபோய் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் குனிஞ்சு பாத்ததை வெளியில மூச்சு விட்டீக, தொலைச்சுப்புடுவேன்."