ஏகாம்பரம் சாரின் தாடி

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை போளூரில் கூடிய தலைமையாசிரியர்கள் ஒரு வரலாற்று முடிவை எடுத்தார்கள். வரும் கல்வியாண்டு முதல் மாணவர்களின் இடுப்பு பெல்ட் கறுப்பு நிறத்தில் இருக்கும். பழுப்புக்கும் ஆதரவு இருந்தது. பழுப்பில் அழுக்கு தெரியாது என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு கறுப்பு வென்றது. மலைப் பள்ளியின் சார்பில் நானும் கறுப்புக்குக் கை தூக்கினேன். எங்கள் பள்ளியில் பெல்ட் அணியும் மாணவர் எவருமில்லை. அங்கே கால்சட்டையைத் தாங்குவது அரைஞாண் கயிறு. அதுவும் கறுப்புதான் என்பதால் எங்களுக்குச் சிரமம் ஏதுமில்லை.

தீர்மானம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாக மழித்த தலையோடு ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். வெள்ளையன். மலையில் எங்களிடம் படித்தவன். இப்போது சந்தவாசலில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்கிறான்.

"சார், ஏகாம்பரம் சாரு போய்ட்டாரு. நேத்து சாயங்காலமே எடுத்துட்டோம். உனக்குத் தந்தி குடுத்தமே, வர்லியா?"

வரவில்லை. அது திங்கட்கிழமை மலைக்கு வந்து சேர்ந்தது.

கூட்டத்தில் ஒருவர், "எந்த ஏகாம்பரம்?" என்று கேட்டார். "அதாங்க, தாடி வெச்சிருந்தாரே, சாமியார் வாத்தியாரு" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோருக்கும் நினைவு வந்தது. ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு உட்கார்ந்து கறுப்பு பெல்ட்டுக்குக் கையெழுத்திட்டோம்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பலருக்கும் அவர் அந்தத் தாடிதான். அவர் சாமியார் ஆனார் என்றும், பெண்டாட்டியோடு சண்டை என்றும், மலையில் புதையல் தேடினார் என்றும் மூன்று கதைகள் உண்டு. மூன்றும் பிழை. சரியான கதை எனக்குத் தெரியும். இத்தனை வருடங்கள் அதைச் சொல்லாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மலைக்கு வேலைக்கு வந்தேன். மலைமேல் காவலூரில் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் பள்ளி. ஓடு வேய்ந்த ஒரே அறை, இரண்டு ஆசிரியர்கள், நாற்பத்தொரு குழந்தைகள். ஏகாம்பரம் சார் பொறுப்புத் தலைமையாசிரியர். 'பொறுப்பு' என்றால் வேலை முழுதாகவும் பதவி பாதியாகவும் என்று பொருள்.

அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். பள்ளி எல்லையில் ஒரு புளியமரம் இருந்தது. தினமும் காலையில் அதன் அடியில் நின்று, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மாலையில் அதே மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பூசிக்கொள்வார். நான் அப்போது நிறையப் படித்தவன், எதையும் நம்பாதவன். ஏன் இந்த வேடிக்கை என்று கேட்டேன்.

"மரத்துக்கு அந்தாண்ட நான் ஏகாம்பரம். இந்தாண்ட சர்க்கார் ஆளு. சர்க்காருக்கு நெத்தி கெடையாதுப்பா."

"அப்ப பிள்ளைங்க? கயிறு, மஞ்சள், தாயத்து எல்லாத்தோடவும் உள்ள வருதுங்களே?"

"அதுங்களுக்கு மரம் எங்க கீதுன்னே இன்னும் தெரியாது. வளந்தா தெரியும். தெரிஞ்சிட்டுத் தொடைக்கிறதா வாணாமான்னு அதுங்க முடிவு பண்ணட்டும்."

இந்தப் பதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோழைத்தனத்துக்கு நல்ல உவமை கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சீருடை விஷயத்திலும் அவர் அப்படித்தான். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. காலையில் அண்ணன் அணிந்து வருவான். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சட்டை தம்பிக்குப் போகும். பிற்பகலில் தம்பி வருவான். இருவருக்கும் முழு நாள் வருகை போடுவார். கேட்டால், "சட்டை ஒண்ணுதான். ஆனா ராத்திரி வூட்ல அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் குடுக்குறான் பாரு, அந்தக் கணக்கு" என்பார்.

அந்த ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் சீருடையில் வர வேண்டும், முடி கத்தரித்திருக்க வேண்டும், சமய அடையாளங்களைத் தவிர்க்க வேண்டும். அதை நான் மூன்று முறை படித்தேன். எனக்காகவே யாரோ எழுதியது போலிருந்தது. ஏகாம்பரம் சார் ஒரு முறை படித்து, சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் இருந்த பல்லிப் பொந்தை அடைத்தார்.

இரண்டாம் வகுப்பில் வெள்ளையன் இருந்தான். ஒன்பது வயது. முடி இடுப்பு வரை. குழந்தையில் காய்ச்சல் கண்டு பிழைக்க மாட்டான் என்றிருந்தபோது, அவன் தாய் குலதெய்வத்துக்கு முடி நேர்ந்திருந்தாள். அந்த முடியை வீட்டில் இறக்க முடியாது. பங்காளிகள் எல்லோரும் கூடிக் குலசாமிக்குத் திருவிழா எடுக்கும் நாளில், சாமி முன்னால் வைத்துத்தான் மழிக்க வேண்டும். திருவிழாவுக்கு நாள் குறிப்பது சாமை விளைச்சல். தொடர்ந்து சில வருடங்கள் சாமை ஏமாற்றியது. முடி வளர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. திங்களன்று ஆய்வு அலுவலர் வருவதாகத் தகவல். ஏகாம்பரம் சார் அதற்கு முன்பே தபால் சேர்க்கக் கீழே இறங்கியிருந்தார். கைவேலை வகுப்புக்கென்று பள்ளியில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. நான் வெள்ளையனைக் கூப்பிட்டு, நாற்காலிக்கு முன்னால் நிற்கவைத்து, அவன் முடியை வெட்டினேன்.

அவன் அழவில்லை. தரையில் குனிந்து ஒவ்வொரு கற்றையாகப் பொறுக்கிப் புத்தகப் பைக்குள் வைத்தான்.

"இன்னா சார் பண்ணிட்ட? அது என்னுது இல்ல சார்."

மலையில் எல்லோரையும் ஒருமையில்தான் பேசுவார்கள். மரியாதைக் குறைவு அதில் இல்லை. நான் அவனுக்கு அறிவியல் மனப்பான்மை பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். அவன் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை ஒரு குழந்தையும் வரவில்லை. ஆய்வு அலுவலர் வந்தார், காலி அறையைப் பார்த்தார், இளநீர் இல்லையா என்று கேட்டார். ஆய்வறிக்கையில், "வருகை: இல்லை. சீருடை விதி மீறல்: இல்லை" என்று எழுதப்பட்டது. எங்கள் பள்ளி அந்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்த நாள் அது ஒன்றுதான்.

அன்று மாலை சார் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. செருப்பைக் கழற்றாமல் அப்படியே, "வா, ஊருக்குப் போவலாம்" என்றார்.

ஊர் கூடியிருந்தது. நடுவில் நாட்டார், மலையில் ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் வெள்ளையன், தலையில் துண்டு கட்டி. அவன் தாய் எங்களைப் பார்க்காமல் நாட்டாரிடம் பேசினாள்: "சாமிக்குன்னு வெச்சத எடுத்துட்டாங்க. இனிமே எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

நாட்டார் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல எவன் அறுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். ஏகாம்பரம் சார் என் காலை மிதித்தார். செருப்புக் காலால், நன்றாகவே மிதித்தார்.

"கத்தரிக்கோலு என் பேர்ல கீதுங்க. நாந்தான்."

இதில் பொய் பாதிதான். இருப்புப் பதிவேட்டில் பள்ளியின் பொருள்கள் அனைத்தும் தலைமையாசிரியர் பெயரில்தான் இருக்கும். வெள்ளையன் என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். வெட்டியது யார் என்று அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

நாட்டார் தீர்ப்புச் சொன்னார். "அறுத்தவன் வளக்கணும். திருவிழா வர்ற வரைக்கும் தலையில கத்தி படக்கூடாது. பையனோட ஒண்ணா ஒக்காந்து சாமிக்குக் குடுக்கணும். சம்மதம்னா புள்ளைங்க நாளைக்கே வரும்."

"சம்மதங்க" என்று சார் கும்பிட்டுத் தலை குனிந்தார். அப்போதுதான் நாட்டார் அந்தத் தலையைச் சரியாகப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் முடி, நடுவில் மைதானம்.

"வாத்தியாரே, இதுலயா வளப்ப?"

"தாடி கீதுங்க. அதையும் சேத்துக்கலாம்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வெள்ளையனின் தாயைத் தவிர. மறுநாள் நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். காலையில் அண்ணன், பிற்பகலில் தம்பி.

மூன்று வருடம் ஏழு மாதம் தாடி வளர்ந்தது. பேருந்தில் நடத்துநர், "சாமி, முன்னாடி ஒக்காருங்க" என்பார். "சாமி இல்லிங்க, ஹெட்மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உட்காருவார். ஓரத்து முடியைப் பின்னால் முடிந்து, தாடி மார்பில் படர்ந்து, பார்ப்பதற்கு முழுச் சாமியார். அந்த நிலையிலும் தினமும் காலையில் புளியமரத்தடியில் நின்று நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அரசுப் பள்ளியின் தலைமையாசிரியர், சமய அடையாளத் தோற்றத்துடன் பணிக்கு வருவது ஏன்? அவர் எழுதிய பதில் ஒரே வரி: "முடி வெட்டிக்கொள்ளவில்லை." இரண்டாவது மெமோவுக்கும் அதே பதில், தேதியை மட்டும் மாற்றி. மூன்றாவதாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது.

அன்று நான் உண்மையை முழுதாக ஒரு கடிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்தேன். அரசு ஊழியன் மேலதிகாரிக்கு எழுதும் கடிதம் உரிய வழியாகப் போக வேண்டும். உரிய வழி என்பது தலைமையாசிரியரின் பரிந்துரை. அவர் நிதானமாகப் படித்தார். ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினார். பிறகு கிழித்தார்.

"தம்பி, நீ இன்னும் தகுதிகாண் பருவத்துல கீற. இது மேல போனா உன் வேல போவும். எனக்கு இன்னா போவும்? ஒரு சீப்பு வாங்கணும், அவ்ளோதான்."

"தப்பு என்னுது சார்."

"தெரியும். அத வெச்சிக்கினு நல்ல வாத்தியாரா இரு."

கடிதத்தை மறுபடி எழுதி நேராகத் தபாலில் போட்டிருக்கலாம். தபால்பெட்டி நான் தங்கியிருந்த அறைக்கு எதிரிலேயே இருந்தது. நான் போடவில்லை.

நான்காம் வருடம் சாமை நன்றாக விளைந்து, திருவிழா வந்தது. சாமி முன்னால் இரண்டு பலகைகள் போட்டார்கள். ஒன்றில் வெள்ளையன், மற்றதில் ஏகாம்பரம் சார். முதலில் பையனுக்கு, பிறகு சாருக்கு மழித்தார்கள். அன்று நான் வெட்டிய பழைய முடியையும் வெள்ளையனின் தாய் துணியில் முடிந்து வைத்திருந்தாள்; மூன்றையும் ஒன்றாக வைத்தாள். முடி வெட்டப்பட்டதற்குப் பிறகு முதன்முறையாக சாரிடம் பேசினாள்.

"சாப்ட்டுப் போ, சாரு."

தாடி போன முகத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். கன்னங்கள் ஒட்டி, அவர் கிழவராகியிருந்தார். அது எப்போது நடந்தது என்று தாடி மறைத்ததில் எங்களுக்குத் தெரியவில்லை. இலையில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "காத்து பட்டா சில்லுனு கீதுப்பா" என்றார்.

பலகையில் இருந்து எழுந்து வந்த வெள்ளையன் ஐந்தாம் வகுப்பை முடித்து, கீழே விடுதிப் பள்ளியில் சேர்ந்தான். பின்னாளில் சைக்கிள் கடை வேலையைப் பார்த்துக் கொடுத்ததும் சார்தான். அவருக்கு இரண்டும் பெண்கள். மகன் செய்ய வேண்டியதை யார் செய்தது என்று போளூரில் நான் வெள்ளையனிடம் கேட்கவில்லை. தலையைப் பார்த்தேன், போதுமாக இருந்தது.

அவருடைய பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

திருவிழா நடந்த அதே ஆண்டு எங்கள் பள்ளிக்கு நிரந்தரத் தலைமையாசிரியர் பதவி ஒதுக்கப்பட்டது. மலைக்கு வர வேறு யாரும் விரும்பாததால் பட்டியலில் இரண்டே பெயர்கள். முதல் பெயரின் மீது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தது. ஆணை இரண்டாவது பெயருக்கு வந்தது. ஏகாம்பரம் சார் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலைத் தம் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, மேசையின் எதிர்ப்பக்கம் வந்து நின்று என்னிடம் நீட்டினார். நாற்காலி இரண்டு, மணி ஒன்று, பீரோ ஒன்று, உலகப் படம் ஒன்று (கிழிந்தது), கத்தரிக்கோல் ஒன்று. சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். ஓய்வு பெறும்வரை நான்கு ஆண்டுகள் அவர் எனக்குக் கீழ் உதவி ஆசிரியராக வேலை பார்த்தார். அந்தப் பட்டியலை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கத்தரிக்கோல் அன்று முதல் என் பெயரில் இருக்கிறது.