ஈரத்துணியின் சந்தேகங்கள்

பக்கத்து அறையிலிருக்கும் கணவரிடம் சந்தேகம் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் கதவைத் தட்ட வேண்டும். அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"என்னங்க, இந்த புரோகிராம்ல லூப் கடைசி வரியை மட்டும் விட்டுடுது. ஏன்னு பாக்கறீங்களா?"

"டாக்குமென்டேஷன் படிச்சியா?"

"படிச்சேன். புரியல."

"இன்னொரு தரம் படி. எடுத்ததுக்கெல்லாம் கேட்டா மூளை எப்ப வேலை செய்யும்?"

மகள் பிறந்தபோது அவள் விட்ட வேலை. இப்போது பழைய நிறுவனமே திரும்பக் கூப்பிட்டிருந்தது, ஒரு தேர்வு வைத்து. தேறாவிட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். அந்த டாக்குமென்டேஷன் கையேடோ, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு ஞாபகப்படுத்துவதற்காக எழுதியது.

எனவே நிரல் எழுதுகிறவர்களின் இணைய மன்றம் ஒன்றில் சேர்ந்தாள். புனைபெயர் கேட்டது. கொடியில் போடக் காத்திருந்ததைப் பார்த்து 'ஈரத்துணி' என்று போட்டாள். அதே சந்தேகம். உலை கொதிப்பதற்குள் பதில் வந்தது.

"அருமையான கேள்வி! எல்லாரும் இங்க தடுக்கி விழுந்தவங்கதான். பொறுமையா பாப்போம்."

கூடவே, தாளில் வரைந்து விளக்கியதன் புகைப்படம். படத்தின் ஓரத்தில் காது உடைந்த காபிக் கோப்பை. சற்று முன்பு அவளே கணவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தது.

அதன்பின் தினமும் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் விசைகள் படபடக்கும். இந்தப் பக்கம் கனிவு வந்து சேரும்.

"மன்றத்துல ஒரு பையன். என்ன அழகாக் கேக்கறான் தெரியுமா?" என்றார் சாப்பிடும்போது.

"அவன் டாக்குமென்டேஷன் படிக்க மாட்டானா?"

"பாவம், வீட்ல சொல்லித்தர ஆளில்ல போல."

அவள் அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

தேர்வில் தேறினாள். அவர் தன் தங்கையிடம் போனில் பெருமையடித்துக்கொண்டார்: "நான் ஒரு வார்த்தை சொல்லித்தரல. அதனாலதான் பாஸ் பண்ணா."

மன்றத்திலும் நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல. எழுதினாள். உடனே பதில்.

"ரொம்ப சந்தோஷம்பா! எப்படிக் கஷ்டப்பட்டு படிச்சே! வீட்ல என்ன சொன்னாங்க?"

"கேட்டுச் சொல்றேன்" என்று எழுதிவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா? முக்கியமா ஒருத்தர்கிட்ட பேசிட்டிருக்கேன்ல?" அவர் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள். "கோப்பையை எடுக்க வந்தேன்."