கேற்றடிப் பட்டதாரி

பாதுகாப்பு முகாமைத்துவத்தில் பட்டம் பெற்றவள் நான். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றின் கேற்றடியில் நின்று, வருகிற போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். பெண்களென்றால் உடம்பையும் தடவிப் பார்ப்பேன். ஆண்களுக்கு வேறொரு காவலாளி இருக்கிறார். இதற்கு எதற்குப் பட்டம் என்று கேட்காதவர் எங்கள் லிங்கநகரில் ஒருவருமில்லை. கேட்கட்டும், ஊர் வாயை நான் தைக்கவா முடியும்?

அந்தக் கண்டறியாத பட்டத்துக்காக அப்பா தன் வள்ளத்தையும் என்ஜினையும் விற்றார். இப்போது இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். முழங்கால் வீங்கிப்போய், படியேறவே சுவரைப் பிடிக்கிறார். எனக்கு அதிகாரி வேலை கிடைத்தால் அவர் கடலுக்குப் போவதை நிற்பாட்டலாம். வீட்டில் எங்களுக்கிருந்த ஒரே எண்ணம் அதுதான்.

நான் படித்தது திருகோணமலை நகரத்தில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில். கீழே சீமெந்து மூட்டை, மேலே நாங்கள். கொழும்பிலிருக்கும் பெரிய கம்பஸின் கிளை அது. அதே பாடம், அதே வினாத்தாள், அதே சான்றிதழ். கிளையின் பெயர் மட்டும் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். சேரும்போது அதை யார் பார்த்தார்கள்?

நேர்முகப் பரீட்சையில் பார்த்தார்கள். எங்கள் களஞ்சியத்திலேயே பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு ஒரு வெற்றிடம் வந்தது. சீருடையோடு உள்ளே போனேன். மேலாளர் சான்றிதழைக் கையில் எடுத்தார். விரல் நேராக அந்தச் சின்ன எழுத்துக்கு இறங்கியது.

“இது இங்கத்தைய கிளையோ?”

“ஓம் சேர். ஆனா சோதினை ஒண்டுதான்.”

“கொழும்பில படிச்ச பிள்ளையும் ஒண்டு வந்திருக்கு” என்றார்.

அவ்வளவுதான். நான் பாடமாக்கிக்கொண்டு போன தீயணைப்பு விதி ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

முடிவையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலை அந்தக் கொழும்புப் பிள்ளையே புதுச் சீருடையோடு கேற்றடியில் வந்து இறங்கினாள். என்னைவிட இளையவள். அவளுடைய தொடக்கச் சம்பளமே என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. கோபமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அதிலும் நல்ல பிள்ளை, ‘அக்கா, அக்கா’ என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்று மத்தியானம், முடிவு தெரிந்திருக்கும் என்று அப்பா சாப்பாட்டோடு வந்தார். தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு, கையில் அடையாள அட்டையைப் பிடித்தபடி வந்தார். யுத்த காலத்தில் இராணுவம் மறித்துச் சோதிக்கும் ஒவ்வொரு சென்றியிலும் அப்படித்தான் இறங்கி நடக்க வேண்டும். இவ்வளவு காலம் போயும், சீருடையைக் கண்டால் அவர் கால் தானாக இறங்கிவிடும். இன்று அந்தச் சீருடைக்குள் நின்றது நான்.

“அப்பா, நான்தானே! அட்டையை உள்ளுக்கு வையுங்கோ.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் அதிகாரித் தொப்பியோடு நின்ற கொழும்புப் பிள்ளையைப் பார்த்தார். முடிவு என்னவென்று கேட்கவேயில்லை.

“அக்கா, அப்பாவா இருந்தாலும் பையைப் பாக்கணும்” என்றாள் அவள், மெதுவாக. சரிதான். அந்த விதியை நானும்தான் படித்தேன்.

பையைத் திறந்தேன். மேலே சோற்றுப் பார்சல். அடியில் ஒரு பெட்டி லட்டு. வேலை கிடைத்தால் எல்லோருக்கும் கொடுக்கவென்று வாங்கியிருக்கிறார், பாவி மனுசன். சட்டென்று பையை மூடினேன்.

“வடிவாப் பார் பிள்ளை” என்று சொல்லிவிட்டு, அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“ஐயோ, கையை இறக்குங்கோ அப்பா!”

“வேண்டாம். பிறகு உனக்குத்தான் ஏச்சு விழும்.”

ஆண்களைச் சோதிக்கும் காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை அப்பா அப்படியே நின்றார்.